சின்ன கிளப்பில் சாதித்த மேலாளர் பெரிய கிளப்புக்குத் தயாரா? எதை வைத்துச் சொல்வது?

ஏதோ ஒரு நடுத்தர கால்பந்து கிளப் இரண்டு சீசன் நன்றாக ஆடிவிட்டால் போதும். எங்காவது பெரிய கிளப்பில் நாற்காலி காலியானவுடன் அதன் மேலாளர் (அணியைப் பயிற்றுவித்து ஆட வைப்பவர்) பெயர் அடிபடத் தொடங்கும். "ஆள் கெட்டிக்காரர்தான், ஆனால் அங்கே தாக்குப்பிடிப்பாரா?" என்று ஒரு தரப்பு. "வாய்ப்பே கொடுக்காமல் எப்படித் தெரியும்?" என்று இன்னொரு தரப்பு. இருவரும் பேசுவது திறமையைப் பற்றி. திறமை இல்லாதவரின் பெயர் அந்தப் பேச்சுக்குள்ளேயே வராது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதுவரை அவர் செய்து காட்டிய வேலையும், அங்கே அவருக்காகக் காத்திருக்கும் வேலையும் எந்த அளவுக்கு ஒரே வேலை?

இதைப் புரிந்துகொள்ள கிரஹாம் பாட்டரின் கதை நன்றாக உதவும். 2011இல் ஸ்வீடனின் நான்காம் பிரிவில் கிடந்த ஓஸ்டர்சுண்ட் அணியை எடுத்து முதல் பிரிவுக்கு ஏற்றினார். 2017இல் ஸ்வீடன் கோப்பை. 2018 பிப்ரவரியில், ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகில், இங்கிலாந்தின் அர்செனலை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று வென்றது அந்த அணி. இரண்டு ஆட்டக் கூட்டுக்கணக்கில்தான் தோற்றது. பிறகு ஸ்வான்சீயில் ஒரு சீசன். 2019 முதல் பிரைட்டன்: இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகில் 15, 16, 9 என்று இடங்கள். 2022 செப்டம்பர் 8 அன்று 2 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்து, லண்டனின் பெரிய கிளப்பான செல்சி அவரை அழைத்துக்கொண்டது. அப்போது பிரைட்டன் பட்டியலில் 4ஆம் இடத்தில் இருந்தது. 2023 ஏப்ரல் 2 அன்று வேலை போயிற்று. எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 31 ஆட்டம், 12 வெற்றி. லீகில் மட்டும் 22 ஆட்டத்தில் 28 புள்ளி.

அவருக்கு அப்போது 47 வயது. அதனால், இப்படிப்பட்டவர்களை "இளம் மேலாளர்" என்று பேசும்போது அதை வயதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பெரிய கிளப்பில் இன்னும் கை வைக்காதவர் என்று படித்தால் போதும். பயிற்சியாளர் சான்றிதழ்களையும் இங்கே மறந்துவிடலாம். யூஇஎஃப்ஏ புரோ உரிமம் இல்லாதவர் இந்தப் போட்டியில் அநேகமாக இருக்கவே மாட்டார். அதை வைத்து யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது.

முதலில், அந்த வெற்றியில் அவர் பங்கு எவ்வளவு?

புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து மேலாளரை எடைபோடுவது ஆபத்து. லீகில் ஒரு அணி முடிக்கும் இடம், அது வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தோடு நீண்டகாலத்தில் ஒட்டிப் போகும். எனவே முதல் கணக்கு எளிது: சம்பளச் செலவில் கிளப் எத்தனையாவது, பட்டியலில் எத்தனையாவது? சம்பளத்தில் 15ஆவதாக இருக்கும் கிளப் 9ஆவதாக முடித்தால் அங்கே யாரோ நல்ல வேலை செய்கிறார்கள். அந்த 'யாரோ' மேலாளர்தானா என்பது அடுத்த கணக்கு.

அதற்கு 'எக்ஸ்ஜி' எனப்படும் எதிர்பார்ப்பு கோல் கணக்கு உதவும். பழைய பல்லாயிரம் ஷாட்களை வைத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகக் கொடுப்பார்கள். பெனால்ட்டிக்குக் கிட்டத்தட்ட 0.76 முதல் 0.79, 25 மீட்டர் தொலைவிலிருந்து அடிக்கும் ஷாட்டுக்குப் பெரும்பாலும் 0.05க்குக் கீழே. ஓர் அணி உருவாக்கியதையெல்லாம் கூட்டி, எதிரணிக்கு விட்டுக்கொடுத்ததைக் கழித்தால், கோல்கீப்பரின் அற்புதமும் முன்கள வீரரின் சொதப்பலும் நீங்கிய ஒரு படம் கிடைக்கும். பெனால்ட்டியை நீக்கிவிட்டுப் பாருங்கள். 10 ஆட்டத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள்; ஒரு முழு சீசனாவது வேண்டும்.

பிரைட்டன் 2020-21இல் 38 ஆட்டத்தில் 40 கோல் அடித்து, 41 புள்ளியோடு 16ஆம் இடத்தில் முடித்தது. லீகில் அதன் அதிகபட்ச கோல்காரர் நீல் மோப்பே, எண்ணிக்கை வெறும் 8. ஆனால் உருவாக்கிய வாய்ப்புக் கணக்கைப் பார்த்தால் பட்டியலின் மேல்பாதியில் இருக்க வேண்டிய அணி. ஆட்டம் நன்றாக இருக்கிறது, முடிப்பதற்கு ஆள் இல்லை என்று அதைப் படித்தவர்கள் படித்தார்கள். அடுத்த சீசன் 9ஆம் இடம் வந்ததும் அந்த வாசிப்பு சரி என்று தெரிந்தது.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. பாட்டர் போனபின் ராபர்ட்டோ டி செர்பி வந்தார். அதே சீசனை பிரைட்டன் 62 புள்ளியோடு 6ஆம் இடத்தில் முடித்து, வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. கைசெடோ, மேக் அலிஸ்டர், மிட்டோமா போன்றவர்களைக் குறைந்த விலையில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது கிளப்பின் தேடல் துறை. பாட்டர் போட்ட அடித்தளம் இல்லாமல் டி செர்பி அவ்வளவு சீக்கிரம் அங்கே போயிருக்க முடியாது என்பதும் உண்மை. இருந்தாலும், மேலாளர் மாறியும் அணி மேலே போகிறது என்றால் பெருமையில் பெரும் பங்கை கிளப்புக்கும் எழுதி வைக்க வேண்டும். வாங்க நினைக்கும் பெரிய கிளப் இதை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்: இவர் வரும்போது அந்தத் தேடல் துறை கூடவே வராதே, பிறகு?

எதிரணி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டால்

மிக முக்கியமான சோதனை இதுதான். டிவியில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான்.

நடுத்தர அணிக்கு எதிராகப் பெரிய அணி ஆடும்போது பெரிய அணி முன்னேறி வரும். அதன் தற்காப்புக்குப் பின்னால் 40 மீட்டர் வெற்றிடம் கிடைக்கும். பந்தைப் பறித்து மூன்று நான்கு பாஸில் அந்த வெற்றிடத்துக்குள் போகக் கற்றுக்கொடுத்தால் சின்ன கிளப்பும் பெரிய கிளப்பை வெல்லும். 2022 மே மாதம் பிரைட்டன் மான்செஸ்டர் யுனைட்டெடை 4-0 என்று வென்றது. அதே ஆகஸ்டில் ஓல்ட் டிராஃபோர்டுக்கே போய் 2-1. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

பெரிய கிளப்பில் இந்த ஆட்டம் தலைகீழ். வருகிற அணி பத்துப் பேரையும் தன் கோலுக்கு முன்னால் 25, 30 மீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளும். பந்து உங்களிடமே இருக்கும், இடம்தான் இருக்காது. ஒரு சீசனில் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்கள் இப்படித்தான் இருக்கும். எனவே மேலாளர் பெரிய அணிகளை வென்ற காணொளிகளைத் தள்ளி வைத்துவிட்டு, சொந்த மைதானத்தில் கடைசி ஆறு இடத்து அணிகளோடு அவர் அணி ஆடியதைப் பார்க்க வேண்டும்.

பிரைட்டனின் 2021-22 கணக்கு: 12 வெற்றி, 15 டிரா, 11 தோல்வி, 42 கோல், 51 புள்ளி. அதில் சொந்த மைதானத்தில் வென்றது 5, வெளியே வென்றது 7. வெளியே போனால் எதிரணி தன் ரசிகர்களுக்காக முன்னேறி வரும், இடம் கிடைக்கும். சொந்த ஊரில் எதிரணி சுருண்டுகொள்ளும், பூட்டைத் திறக்க முடியவில்லை. 9ஆம் இடத்துக்கு அது தாராளம். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 1.34 புள்ளி. முதல் நான்கு இடத்துக்கு 70 புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொண்டால் சராசரி 1.84. வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. பிரைட்டனில் 0-0 என்றால் கையில் ஒரு புள்ளி. செல்சியில் அதே முடிவு, கையை விட்டுப்போன இரண்டு புள்ளி. அந்த 15 டிரா என்ற எண், செல்சியின் மேசையில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அந்தக் காணொளிகளில் என்ன தேடுவது? பக்கவாட்டில் ஒருவர் கோட்டை ஒட்டியே நிற்கிறாரா, அல்லது எல்லோரும் நடுவில் மொய்க்கிறார்களா? பந்து ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இரண்டு பாஸில் போகிறதா, ஆறு பாஸ் ஆகிறதா? ஆறு ஆனால் எதிரணி நகர்ந்து அடைத்துவிடும். கோல் கோட்டருகே போய்ப் பின்னோக்கித் தள்ளும் பாஸ் ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை வருகிறது? அதற்குப் பதில் வெளியிலிருந்து கண்மூடி அடிக்கும் ஷாட்களே அதிகமா? 60ஆம் நிமிடத்தில் 0-0 என்றால் அவர் என்ன மாற்றுகிறார்: ஆளையா, அமைப்பையா, இரண்டையுமா? கடைசியாக, ஏழு பேர் முன்னேறி நிற்கும்போது மீதி மூவர் எங்கே நிற்கிறார்கள்? பந்து பறிபோனால் முதல் ஐந்து நொடியில் எதிர்த்தாக்குதலை அவர்கள் தடுக்கும்படி முன்கூட்டியே நிறுத்தி வைத்திருக்கிறாரா? சின்ன கிளப்பில் இந்தக் கடைசி விஷயம் அவ்வளவு தேவைப்படாது. ஏழு பேர் முன்னேறுவதே அபூர்வம். பெரிய கிளப்பில் வாராவாரம் இதில்தான் கோல் வாங்குவார்கள்.

வின்சென்ட் கொம்பனியின் கதை இதன் மறுபக்கம். 2022-23இல் பர்ன்லி கிளப்பை இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவிலிருந்து 101 புள்ளியோடு ஏற்றினார். அடுத்த சீசன் பிரீமியர் லீகில் அதே பாணியை விடாமல் ஆடி, 24 புள்ளியோடு 19ஆம் இடம், மறுபடி கீழ்ப்பிரிவுக்கு இறக்கம். அந்த மே மாதமே ஜெர்மனியின் பெரிய கிளப்பான பயர்ன் மியூனிக் அவரை எடுத்தபோது பலர் சிரித்தார்கள். 2024-25இல் பயர்ன் 82 புள்ளியோடு லீகை வென்றது. 24 புள்ளி சீசனில் அவர் செய்தது பிழைத்துக்கிடக்கும் வேலை. பயர்னில் அந்த வேலையே கிடையாது. இரண்டாம் பிரிவில் எல்லா எதிரணியும் சுருண்டுகொள்ள, பந்தைக் கையில் வைத்து உடைத்ததுதான் பயர்ன் வேலைக்கு அருகில் இருந்தது. பர்ன்லியில் தோற்றதற்குப் பிடிவாதமும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த சீசனைப் பார்த்து ஆளை எடைபோட வேண்டும் என்பதில் பயர்ன் தெளிவாக இருந்தது.

பயிற்சி நாட்கள் எங்கே போயின?

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆடும் கிளப்பின் வாரம் கிட்டத்தட்ட இப்படி: ஞாயிறு உடல் மீட்பு. திங்கள் ஓய்வு. செவ்வாய் சின்ன இடத்தில் ஆள் குறைத்துக் கடும் பயிற்சி. புதன் முழு மைதானத்தில் பதினொருவருக்கு எதிராகப் பதினொருவர். வாரத்தின் முக்கியப் பாடம் இங்கேதான். வியாழன் வேகம், குறைந்த நேரம். வெள்ளி கார்னர், ஃப்ரீகிக், லேசான ஓட்டம். ஆக, மேலாளருக்குப் பாடம் நடத்த இரண்டு முழு நாள் கைக்கு வரும்.

சனி-புதன்-சனி என்று ஆடினால் ஞாயிறு மீட்பு, திங்கள் பாதிப் பயிற்சி, செவ்வாய் ஆட்டத்துக்கு முந்தைய லேசான பயிற்சி, வியாழன் மறுபடி மீட்பு, வெள்ளி மறுபடி லேசு. முழு அணியை வைத்துப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க ஒரு நாள்கூட இல்லை. பாட்டரின் செல்சி 2022 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாளில் 13 ஆட்டம் ஆடியது. அவர் வந்தபின் ஆடிய முதல் 9 ஆட்டத்தில் தோல்வியே இல்லை. அதன்பிறகு பிரைட்டனிடமே 4-1 தோல்வி, நவம்பரில் அர்செனல், மான்செஸ்டர் சிட்டி, நியூகாசில் என்று வரிசையாக விழுந்தார்கள். அவருடைய ஆட்டமுறை, ஒரே ஆட்டத்துக்குள் மூன்று நான்கு அமைப்புகளை மாற்றிக்கொண்டு ஆடுவது. பிரைட்டன் வீரர்கள் மூன்று ஆண்டுகள் புதன்கிழமைகளில் கற்றது அது. செல்சியில் புதன்கிழமைகளில், ஐரோப்பாவின் முதல் நிலை கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்.

இப்போது நிலைமை இன்னும் இறுக்கம். 2024-25 முதல் சாம்பியன்ஸ் லீகின் முதல் கட்டமே 6 ஆட்டத்திலிருந்து 8 ஆகிவிட்டது. எல்லாப் போட்டியிலும் கடைசிவரை போகும் இங்கிலாந்து கிளப் 65 ஆட்டம் ஆட நேரலாம்.

எனவே கேட்க வேண்டியது: மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் என்று இவர் எப்போதாவது ஒரு சீசன் ஓட்டியிருக்கிறாரா? அப்படி ஓட்டும்போது எத்தனை பேரைச் சுழற்றினார்? ஐந்து பேரை மாற்றியபோது ஆட்டத்தின் அடையாளம் நின்றதா, கலைந்ததா? பாட்டருக்கு ஓஸ்டர்சுண்டில் ஒரு யூரோப்பா சீசன் உண்டு, பிரைட்டனில் ஒன்றும் இல்லை. யூலியான் நாகல்ஸ்மான் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக ஏறியவர். 2016இல் 28 வயதில் ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் கிளப்பை எடுத்து, கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் காப்பாற்றி, யூரோப்பா லீக், பிறகு சாம்பியன்ஸ் லீக் பார்த்து, இன்னொரு ஜெர்மன் கிளப்பான லைப்சிகோடு 2020இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடி, அதன்பின் 2021இல்தான் பயர்ன். முதல் சீசனிலேயே லீகை வென்றார். 2023 மார்ச்சில் அவரையும் அனுப்பினார்கள், லீகில் முதலிடத்துக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது. படிப்படியாக ஏறி வந்தால் ஆட்டம் கைவரும்; நிர்வாகத்தின் பொறுமைக்கு அதில் உத்தரவாதம் இல்லை.

உடைமாற்றும் அறை

2010-11இல் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஷ் என்ற மேலாளர் போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்போடு லீகை ஒரு தோல்விகூட இல்லாமல் வென்றார். யூரோப்பா லீகும் போர்ச்சுகல் கோப்பையும் கூடவே வந்தன. செல்சி அவரை எடுத்தபோது வயது 33. செல்சியின் நட்சத்திர வீரர்கள் ஃபிராங்க் லம்பார்டுக்கும் டிடியே ட்ரோக்பாவுக்கும் அதே வயது; கேப்டன் ஜான் டெர்ரி மூன்று வயது சின்னவர். தற்காப்புக் கோட்டை மைதானத்தின் நடுவரை ஏற்றி ஆடச் சொன்னார். வேகம் குறைந்துவிட்ட மூத்தவர்களுக்குப் பின்னால் பந்து போய்க்கொண்டே இருந்தது. 2012 பிப்ரவரியில் நேப்பிள்ஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் லம்பார்ட், ஆஷ்லி கோல், எஸ்ஸியன் மூவரையும் வெளியே உட்கார வைத்தார், 3-1 தோல்வி. மார்ச் 4 அன்று நீக்கம். அவருடைய உதவியாளர் ராபர்ட்டோ டி மத்தேயோ மூத்தவர்களைத் திரும்ப இறக்கி, மே மாதம் சாம்பியன்ஸ் லீகையே வென்றார்.

மூத்தவர்களை மாற்ற வேண்டும் என்று வில்லாஸ்-போவாஷ் நினைத்ததில் தவறில்லை. அதைச் செய்வதற்கான மூலதனம் அவரிடம் இன்னும் சேரவில்லை. பெரிய கிளப்பில் வெளியே உட்காரும் 12ஆவது ஆள்கூட ஒரு நாட்டின் அணிக்காரர். அவருக்கு ஏஜென்ட் உண்டு, பத்திரிகைத் தொடர்பு உண்டு, உரிமையாளரின் தொலைபேசி எண்ணும் இருக்கலாம். எனவே பழைய கிளப்பில் கேப்டனையோ நட்சத்திரத்தையோ ஒதுக்க நேர்ந்தபோது அவர் எப்படி நடந்தார் என்று விசாரிப்பது, பத்து நேர்காணலைவிட அதிகம் சொல்லும்.

கூட வரும் உதவியாளர்களையும் இங்கேயே சேர்த்துப் பார்க்கலாம். பாட்டர் பிரைட்டனிலிருந்து ஐந்து பேரை அழைத்துப் போனார். பழகிய ஆட்கள் வேண்டும், சரி. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவராவது பெரிய கிளப்பின் உள்வழிகள் தெரிந்தவராக இருப்பது நல்லது. 2013இல் டேவிட் மோய்ஸ் எவர்ட்டனிலிருந்து மான்செஸ்டர் யுனைட்டெடுக்குப் போனபோது அங்கே பல ஆண்டுகள் இருந்த பயிற்சிக் குழுவைக் கலைத்துவிட்டு எவர்ட்டன் ஆட்களைக் கொண்டுவந்தார். அந்தப் பழைய குழுவில் விஷயம் தெரிந்த ஒருவரையாவது நிறுத்தியிருக்கலாம்.

கிளப் தயாரா?

மேலாளரை மட்டும் பரீட்சைக்கு உட்கார வைப்பது நியாயமில்லை. செல்சி 2023 ஜனவரியில் மட்டும் எட்டுப் பேரைச் சேர்த்தது. அதில் என்சோ ஃபெர்னாண்டஸுக்கு 10.68 கோடி பவுண்டு. சாம்பியன்ஸ் லீக் நாக்அவுட் கட்டத்துக்குப் புதியவர்களில் மூவரைத்தான் பதிய முடியும் என்பது விதி. என்சோ, முட்ரிக், ஜுவாவோ ஃபெலிக்ஸ் பதியப்பட்டார்கள். ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த தற்காப்பு வீரர் பாடியாஷிலும் மூத்த முன்கள வீரர் ஓபாமெயாங்கும் வெளியே. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கும் அணியில் 11 பேர் ஆட, மீதியை எந்த மேலாளர் வந்தாலும் சமாதானம் செய்ய முடியாது. பாட்டருக்குப் பின் இடைக்கால மேலாளராக வந்த முன்னாள் வீரர் லம்பார்ட் 11 ஆட்டத்தில் ஒன்றுதான் வென்றார். செல்சி 44 புள்ளியோடு 12ஆம் இடத்தில் முடித்தது. தவறு நாற்காலியில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேட்க வேண்டிய இரண்டு விஷயங்கள். ஒன்று, வீரர்களை யார் வாங்குகிறார்கள்? விளையாட்டு இயக்குநர் வாங்குகிறார் என்றால், அவர் வாங்கும் ஆட்களும் மேலாளரின் அமைப்பும் பொருந்துகின்றனவா? இரண்டு, எப்போது போகிறார்? ஜூலையில் போனால் முன்பருவப் பயிற்சி ஐந்தாறு வாரம் கிடைக்கும். நடுவில் போனால் ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில்தான் எல்லாம். ரூபன் அமோரிம் 2024 நவம்பரில் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து மான்செஸ்டர் யுனைட்டெடுக்குப் போனார். சீசன் முடிந்து வரவே விரும்பினார், கிளப் காத்திருக்கவில்லை. மூன்று தற்காப்பு வீரர்களோடு ஆடும் அவர் முறைக்கு வாங்கப்படாத அணி அது. முடிவு 42 புள்ளி, 15ஆம் இடம், யூரோப்பா இறுதியில் டாட்டன்ஹாமிடம் 1-0 தோல்வி.

பொறுமைக்கும் உதாரணம் உண்டு. மிக்கேல் அர்த்தேத்தாவின் கீழ் அர்செனல் முதல் இரண்டு சீசனும் 8ஆம் இடத்தில் முடித்தது. கிளப் அவரை வைத்துக்கொண்டது, மூத்தவர்களை அவர் கழித்துக்கட்ட விட்டது. எடி ஹவ், 2020இல் தன் அணியான போர்ன்மத் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியபின் ஓராண்டுக்கு மேல் வேலை இல்லாமல் இருந்து, 2021 நவம்பரில் நியூகாசிலை எடுத்தார். 2025 மார்ச்சில் லீக் கோப்பை, அந்தக் கிளப்புக்கு 1955க்குப் பின் முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை.

ஒப்பந்தத்தின் நீளத்தை மட்டும் பொறுமையின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மோய்ஸுக்கு ஆறாண்டு எழுதினார்கள், பத்து மாதத்தில் அனுப்பினார்கள். பாட்டருக்கு ஐந்தாண்டு, ஏழு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. நீண்ட ஒப்பந்தம் பெரும்பாலும் நீக்கும்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை மாற்றுகிறது, எப்போது நீக்குவார்கள் என்பதை அல்ல. அதைவிடப் பயனுள்ள தகவல், இதே உரிமையாளரும் இதே இயக்குநரும் கடைசி மூன்று மேலாளர்களை எத்தனையாவது ஆட்டத்தில் அனுப்பினார்கள், அப்போது அணி எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பது. அது எல்லாக் கிளப்புக்கும் பொதுவெளியிலேயே கிடைக்கும்.